இன்பத்துக்கு இரண்டு வரிசை

யாழ்ப்பாணத்து மக்களுக்கு வரிசை புதிதன்று. போர்க்காலத்தில் சங்கக் கடை வாயிலில் மண்ணெண்ணெய்க்கும் மாவுக்கும் நின்றோம். 2002 ஆம் ஆண்டு ஏ9 வீதி திறக்கப்பட்டபின் முகமாலையில் பைகளைத் திறந்து காட்டுவதற்கு வெயிலில் நின்றோம். 2006 ஓகஸ்டில் அப்பாதை மூடப்பட்டபோது, நிற்பதற்கு அந்த வரிசைகூட இல்லாமற் போயிற்று. 2022 இல் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நாடு முழுவதும் இரவு பகலாகக் காத்துக் கிடந்த வேளையில், "இது எங்களுக்குப் பழகினதுதான்" என்று தென்னிலங்கை நண்பர்களிடம் நாம் சொன்னதுண்டு.

அவையெல்லாம் தேவையின் வரிசைகள். மனிதன் இன்பத்துக்காகவும் வரிசையில் நிற்கிறான். கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றி இத்தகைய ஏடொன்றில் எழுதப் புகுந்தால் சில நண்பர்கள் முகஞ் சுளிக்கக்கூடும். ஆயினும், உழைப்பவனுக்கு எட்டு மணி நேர ஓய்வு வேண்டும் என்று போராடியவர்கள், அந்த ஓய்வை அவன் எங்கே, என்ன விலைக்கு, எவர் பின்னால் நின்று கழிக்கிறான் என்பதைப் பாராதிருத்தல் தகுமா?

சென்ற ஆண்டு நமது பாடசாலையின் பத்தாந் தர மாணவருடன் கல்விச் சுற்றுலா சென்றோம். வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள். பஸ்ஸில் ஏறியவர்கள் இருபத்தொன்பது பேர். எஞ்சிய பன்னிருவர் ஏன் வரவில்லை என்பதை ஆசிரியராக இருக்கும் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. பேராதனைப் பூங்கா, தெகிவளை மிருகக்காட்சிச்சாலை ஆகியவற்றைப் பார்த்த பின்பு, பிள்ளைகள் உண்மையில் எதற்காகப் பணங் கட்டினார்களோ அந்த இடத்துக்குச் சென்றோம். அது கொழும்புக்கு அண்மையிலுள்ள ஒரு கேளிக்கைப் பூங்கா.

அங்கே ஒவ்வொரு இராட்டினத்தின் முன்பும் இரண்டு வரிசைகள் இருந்தன. ஒன்று கம்பிகளுக்கிடையே மடிந்து மடிந்து செல்வது. மற்றது நேரே செல்வது. நுழைவுச் சீட்டின் விலையோடு ஏறக்குறைய அதேயளவு தொகையை மேலும் செலுத்தியவர்களுக்கு மணிக்கட்டிற் சிவப்புப் பட்டி கட்டியிருந்தார்கள். நம் பிள்ளைகள் நாற்பது நிமிடம் நின்று முனையை அடையும் தருணத்திற் சிவப்புப் பட்டிக்காரர் வந்தால், சங்கிலி குறுக்கே விழும், அவர்கள் ஏறுவார்கள், நம்மவர்கள் அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பார்கள். மூன்றாம் முறையும் சங்கிலி விழுந்தபோது, முன்னால் நின்ற மாணவி நம்மைத் திரும்பிப் பார்த்து, "அவை வேறை ஆக்களே, சேர்?" என்று கேட்டாள்.

குடாநாட்டில் வாழ்பவர்களுக்கு "வேறை ஆக்கள்" என்ற சொற்றொடரின் பொருள் தெரியும். அது களங்கமில்லாத சொல்லன்று. எவர் எந்தக் கிணற்றில் அள்ளலாம், எவர் எந்தக் குவளையிற் குடிக்கலாம் என்பதையெல்லாம் ஒரு காலத்தில் இந்த இரண்டு சொற்களே தீர்மானித்தன. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் அமர்ந்திருந்து அடிபட்டது, எல்லாரும் செல்லும் வாயிலால் எல்லாரோடும் செல்லும் உரிமைக்காகவே. பதினைந்து வயதுச் சிறுமி அந்த வரலாற்றை நினைத்துக் கேட்டாள் என்று நாம் சொல்லவில்லை. தான் அறிந்த ஒரே சொல்லால் தான் கண்டதைக் கேட்டாள். அங்கே சாதி பார்க்கப்படவில்லை, காசுதான் பார்க்கப்பட்டது. ஆனால், சங்கிலி விழும் ஓசை ஒன்றாகவே இருந்தது.

முதலாளியச் சந்தை இந்த ஏற்பாட்டை ஒரே நாளிற் செய்துவிடவில்லை. அமெரிக்காவில் டிஸ்னிலாண்ட் 1955 யூலை 17 ஆம் நாள் திறக்கப்பட்டபோது போலி அழைப்பிதழ்களோடு பெருங் கூட்டம் உள்ளே புகுந்துவிட்டது. அதன்பின் கூட்டத்தை ஆளும் கலையை அந்நிறுவனம் ஊன்றிப் பயின்றது. வரிசையை வளைத்து மடித்து அதன் உண்மையான நீளம் கண்ணுக்குத் தெரியாமற் செய்யலாம் என்பது அக்கலையின் முதற் பாடங்களில் ஒன்று. 1999 இல், குறித்த நேரத்துக்கு வந்து விரைவாக ஏறும் சீட்டொன்றை அறிமுகஞ் செய்தார்கள். அப்போது அது எல்லாருக்கும் இலவசம். 2021 இல் அந்த முறையை நீக்கி, விரைவு வரிசைக்குத் தனிக் கட்டணம் வைத்தார்கள். இன்று உலகெங்கும் பெரும் பூங்காக்கள் பலவற்றில் இதுவே வழக்கம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. விரைவை விற்பவனுக்குத் தாமதம் மூலப்பொருள். பொது வரிசை வேகமாக நகர்ந்தால் மற்ற வரிசையை எவர் காசு கொடுத்து வாங்குவார்? எனவே, கூட்டத்துக்கேற்ப இன்னுமோர் இராட்டினத்தை நிறுத்துவதிலும், இன்னும் இரண்டு ஊழியரை அமர்த்துவதிலும் உரிமையாளருக்கு அக்கறை இருக்க நியாயமில்லை. ஏழைப் பிள்ளையின் நாற்பது நிமிடத்தை எடுத்து, வசதியுள்ள பிள்ளைக்கு விற்கிறார்கள்.

2024 பெப்ரவரியில் யாழ். முற்றவெளியில் நடைபெற்ற பெரிய இசை நிகழ்ச்சியில், கட்டணமின்றி நின்ற கூட்டம் தடுப்புகளை முறித்துக்கொண்டு கட்டண இருக்கைப் பகுதிக்குள் புகுந்தது, நிகழ்ச்சி இடைநின்றது. மறுநாள் முதல், யாழ்ப்பாண இளைஞரின் ஒழுக்கக் குறைவைப் பற்றி ஊரெங்கும் பேச்சாக இருந்தது. அந்த இளைஞர் செய்ததை நாம் மெச்சவில்லை. குழந்தைகளோடு வந்தவர்கள் நெரிபட்டிருக்கலாம். ஆயினும், ஊருக்குப் பொதுவான வெளியை விலைவாரியாகக் கூறுபோட்டு வேலியிட்ட ஏற்பாட்டின் ஒழுக்கத்தைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்?

சுற்றுலாவுக்குத் திரும்புவோம். நம் மாணவருள் வடமராட்சிச் சிறுவன் ஒருவன் இராட்டினத்தில் ஏற அவசரப்படவில்லை. அதை ஓட்டுபவரின் பக்கத்திற் போய் நின்றுகொண்டான். காரணம் நமக்குத் தெரியும். அவனுடைய தந்தை திருவிழாக் காலங்களிற் சந்நிதியிலும் வல்லிபுரத்திலும் கையாற் சுற்றும் சிறிய இரும்பு இராட்டினம் போடுபவர். கச்சான் கடைக்கும் ஐஸ்கிறீம் வண்டிக்கும் நடுவே அந்த இராட்டினத்தைச் சுற்றிச் சுற்றி இவனுடைய உள்ளங்கையும் காய்த்திருக்கிறது. எதிரெதிர்த் தொட்டில்களில் எடையொத்த பிள்ளைகளை இருத்தாவிட்டால், சக்கரம் கையைப் பிடுங்கிக்கொண்டு போகும் என்று விஞ்ஞான பாடத்தில் ஒருமுறை அவன் எழுந்து சொன்னபோது, பாடநூலில் இல்லாத அந்த விளக்கத்தைக் கேட்டு வகுப்பே அமைதியாயிற்று.

மின்சாரத்தில் இயங்கும் அந்தப் பெரிய ஊஞ்சற் கப்பலை அவன் நெடுநேரம் பார்த்தான். பிறகு நம்மிடம் வந்து, "சேர், சனம் ஏற முந்தி இதிலை ஆர் ஏறிப் பாக்கிறது?" என்றான்.

விடை நமக்குத் தெரியாது. அதை ஓட்டிக்கொண்டிருந்த இளைஞருக்குத் தெரிந்திருந்தது. அவர் மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். நாட்கூலிக்கு வேலை செய்பவர். மழை பெய்து கப்பல் நின்றால் அன்றைய கூலியிற் பாதிதான். தமிழிற் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "காலையில கேட் தெறக்க முன்ன நாங்கதான் தம்பி ஏறிப் பாக்குறது. நாலஞ்சு பேர் ஏறி ரெண்டு சுத்து. அதுக்கப்புறந்தான் ஆளுங்க" என்றார், அதிற் சிறப்பாக எதுவும் இல்லை என்பதுபோல.

சென்னைக்கு அண்மையிலுள்ள கிஷ்கிந்தா பூங்காவில் 2016 மே மாதம் நிகழ்ந்தது நமக்கு அப்போது நினைவுக்கு வந்தது. இராட்டினமொன்றை மக்களுக்குத் திறக்குமுன் ஓட்டிப் பார்த்தார்கள். பாரத்துக்காக அதில் ஏறியிருந்தவர்கள் அங்கு வேலை செய்த ஊழியர்கள். அது முறிந்து விழுந்தது. ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றனர். உலகின் பெரிய பூங்காக்களில் நீர் நிரப்பிய பொம்மைகளை இருக்கைகளில் இருத்தி இந்தச் சோதனையை நடத்துகிறார்கள். மணல் மூட்டையும் போதும். மணல் மூட்டைக்கும் விலை உண்டு என்பதும், ஏறச் சொன்னால் மறுக்க முடியாத நாட்கூலிக்காரனுக்கு அந்த விலையும் இல்லை என்பதுமே வேறுபாடு.

இன்ப வணிகத்தில் உழைப்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பது பொதுவிதி. 1893 இல் சிக்காகோ கண்காட்சியில் எழுந்த 264 அடி இராட்டினத்தில் 36 கூண்டுகள். கூண்டுக்கு 60 பேர் ஏறலாம். கட்டணம் 50 சதம். அதை வடிவமைத்த பொறியியலாளர் பெரிஸின் பெயராலேயே இன்றும் அதை அழைக்கிறார்கள். அந்த இரும்பைப் பூட்டியவர்களின் பெயர் எவருக்கும் தெரியாது. உழைப்பு தெரிந்தாக வேண்டிய இடத்திலோ, உழைப்பவனே வேடிக்கைப் பொருளாகிறான். சென்னை வி.ஜி.பி. பூங்காவிற் சிலைபோல் அசையாது நிற்பதையே வேலையாகக் கொண்ட மனிதர் ஒருவர் பல்லாண்டுகள் நின்றார். அவரைச் சிரிக்கவைப்பவருக்குப் பரிசு என்று அறிவித்திருந்தார்கள். குடும்பங் குடும்பமாக வந்தவர்கள் அவர் முன்னே கோமாளித்தனம் செய்து பார்த்தார்கள். சிரிக்க நேர்ந்தால் பிறருக்குப் பரிசு. சிரிக்காதிருந்தால் தனக்குச் சம்பளம்! இப்படியொரு வேலை ஒப்பந்தத்தைப் புனைகதை எழுதுபவர்களுங்கூட எளிதிற் கற்பனை செய்ய மாட்டார்கள்.

அந்தக் கொழும்புப் பூங்காவின் சுவர்களில் வருவோருக்கான அறிவித்தல்கள் நிறைய இருந்தன. இன்ன உயரத்துக்குக் குறைந்தோர் ஏறலாகாது, உணவு கொண்டுவரலாகாது, தொலைந்த பொருளுக்கு நிருவாகம் பொறுப்பன்று என்று மும்மொழியிலும் எழுதியிருந்தார்கள். இராட்டினம் கடைசியாக எப்போது, எவராற் பரிசோதிக்கப்பட்டது என்று ஒரு மொழியிலும் எழுதவில்லை.

இரவுப் பயணத்தில் ஆனையிறவைக் கடக்கும்போது விடிந்துகொண்டிருந்தது. இயக்கச்சியை அணுகியதும் பிள்ளைகள் யன்னலோரம் எழுந்து நின்றார்கள். புலம்பெயர்ந்தோர் முதலீட்டில் அங்கே எழுந்துள்ள றீச்ஷா பண்ணையில் உல்லாசப் பூங்காவும் அமைந்திருப்பதால், இனி மகிழ்ச்சி தேடித் தெற்கே போக வேண்டியதில்லை என்று ஒருவன் சொன்னான். அதில் நமக்குக் கசப்பில்லை. இரு படைகள் எதிரெதிரே பதுங்கியிருந்த மண்ணில், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறையின் பிள்ளைகள் ஊஞ்சலாடுவது நல்லதே. அங்கு வேலை பெறும் இளைஞருக்கும் நல்லதே. குடாநாட்டுக்குப் பூங்காக்கள் வரட்டும். வரும்போது அந்தச் சங்கிலியும் சேர்ந்து வருகிறதா என்று பார்த்திருக்கும் கண்களும் நமக்கு வேண்டும். இராட்டினத்தை முதலில் ஏறிப் பார்ப்பவர் எவர் என்று கேட்கும் வாயும் வேண்டும்.

இவ்வாண்டுச் சுற்றுலாவுக்குத் தென்னிலங்கையில் வேறொரு பூங்காவை மாணவர் தெரிவுசெய்தார்கள். வடமராட்சிச் சிறுவனே முன்னின்று, வகுப்பின் சார்பில் அதன் நிருவாகத்துக்குக் கடிதம் எழுதினான். மூன்று வினாக்கள்: பொது வரிசையில் நிற்போர் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? இராட்டினங்களைப் பரிசோதிப்பவர் யார்? காலையில் ஓட்டிப் பார்க்கும்போது மணல் மூட்டை வைக்கிறீர்களா, ஆட்களை ஏற்றுகிறீர்களா? மூன்றாம் வினா சற்றுக் கடுமையாக இருக்கிறதோ என்று சக ஆசிரியர் ஒருவர் ஐயுற்றார். மாணவர் அதை மாற்றவில்லை. கடிதம் பதிவுத் தபாலிற் போய் ஐந்து கிழமையாகிறது. பதில் வந்த பின்பே பஸ் பேசுவது என்று வகுப்பு முடிவுசெய்திருக்கிறது. அதுவரை, சென்ற முறை வர இயலாத அந்தப் பன்னிருவருக்காகவும் மாதந்தோறும் எல்லாரும் காசு சேர்த்து வருகிறார்கள்.