இலைக்காம்பில் ஊறும் தேன்

பெட்டியின் மூடியைத் தூக்கியதும், வட்டமாக நின்ற பெண்களில் பாதிப் பேர் இரண்டடி பின்னால் போனார்கள். அவர்களோடு நானும். "பேடிக்காண்டாம் மக்கா, அது அதுக்க பாட்டுக்கு இருக்கும்" என்றார் பயிற்சி தர வந்த அக்கா. கையில் உறை கிடையாது. முகவலையையும் சுருட்டித் தலைமேல் போட்டிருந்தார்.

மார்த்தாண்டத்துக்குக் கிழக்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வீட்டு முற்றம். மகளிர் குழுப் பெண்கள் 18 பேருக்கு 3 நாள் தேனீ வளர்ப்புப் பயிற்சி. அந்தக் குழுவிலிருக்கும் தோழி அழைத்ததால் போயிருந்தேன்.

இந்தப் பக்கத்துக்குத் தேன்பெட்டி புதிதல்ல. நம்மூர்ச் சிறு தேனீக்குத் தோதாக நியூட்டன் பாதிரியார் 1910களில் வடிவமைத்த பெட்டிதான் தென்னகத்தில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வுக்கு வந்த ஸ்பென்சர் ஹாட்ச், தேனீ வளர்ப்பை விவசாயக் குடும்பங்களுக்குக் கைத்தொழிலாகக் கற்றுக்கொடுத்தார். 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அக்காவுக்கு அந்தச் சரித்திரத்தில் அக்கறையில்லை. அவருடைய கணக்கு 1992இலிருந்து தொடங்குகிறது. கல்யாணமாகி வந்த புதிது. கணவருக்கு 40 பெட்டிகள். தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் கேரளத்திலும் குமரியிலும் தேனீக்களை வாரிக்கொண்டு போன காலம் அது. புழுக்கள் தண்ணீர் நிறைந்த பை போலாகி அறைக்குள்ளேயே செத்தன. அந்த வருஷம் 40 பெட்டியும் காலி. கணவர் ரப்பர் பால்வெட்டப் போய்விட்டார். காலிப் பெட்டிகளை அடுப்பெரிக்க மனமில்லாமல் பரணில் ஏற்றிவைத்தவர் அக்காதான். சில வருஷம் கழித்து, மரப்பொந்தில் பிழைத்திருந்த ஒரு கூட்டத்தைப் பிடித்து அதிலொன்றில் குடிவைத்தார். அவர் வளர்ப்பவை எல்லாம் அதன் வாரிசுகள்.

"சட்டத்தைத் தூக்கும்போ மூச்சை அதுக்கு மேல விடப்படாது." தேங்காய் நார் கனலும் புகைமூட்டியை இரண்டே முறை அமுக்கினார். ஒரு சட்டத்தை உருவி வெயிலுக்கு எதிரே பிடித்தார். மேலே தேன், நடுவில் பழுப்பு மூடியிட்ட புழு அறைகள். தேனறைச் சட்டங்களில் முக்கால் பங்கு மெழுகு மூடினால்தான் வடிக்கலாமாம். ரப்பர் தேனில் ஈரம் கூடுதல்; அவசரப்பட்டால் புளித்துவிடும்.

ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. இலையுதிர்ந்து தளிர்க்கும் ஜனவரிக்குப் பிறகு, காம்பு மூன்று இலையாகப் பிரியும் இடத்தில் தேன் ஊறுகிறது. ஒரு தளிரை ஒடித்து நாக்கில் வைத்தேன். இனித்தது.

மதியம் ராணி வளர்ப்பு வகுப்பு. கரும்பலகை முழுக்க நாள்கணக்கு. எனக்குத் தலையில் ஏறவில்லை.

கரும்பலகைக்கு வராத கணக்கு ஒன்றைப் பெண்கள் திண்ணையில் சொன்னார்கள். தேன் கிடைப்பது ஏப்ரல் வரைதான். ஜூனில் மழை பிடித்தால் மாதக்கணக்கில் சர்க்கரைப் பாகு ஊற்றித்தான் கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். அந்தச் சர்க்கரையைக் கடனாகத் தருபவர் தேன் வியாபாரி. மாசியில் வந்து விலை சொல்பவரும் அவரே. தகரத்தோடு நிறுத்து, தகரத்துக்கென்று ஒரு கிலோ கழிப்பாராம். காலித் தகரம் அவ்வளவு கனக்குமா என்று யாரும் கேட்டதில்லை; கேட்டால் அடுத்த மழைக்குச் சர்க்கரை வராது. கொட்டு வாங்கியவள் ஒருத்தி, விலை வைப்பவன் வேறொருவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியை மானியத்தில் கொடுப்பவர்கள் ஆளுக்கு ஒரு மூட்டைச் சர்க்கரையையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? பயிற்சியில் ஒரு நாளைத் தராசுக்கும் ஒதுக்கலாம்.

இருட்டிய பிறகு, வெளியே போன ஈக்கள் எல்லாம் திரும்பியதும், வாசலைத் துணியால் அடைத்துப் பெட்டிகளைக் கட்டினார்கள். காலையில் எல்லாருக்கும் முன்னால் பின்வாங்கிய இளம்பெண் ஆட்டோவில் ஏறி, ஒன்றை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே மெல்லிய இரைச்சல்.

"என்னதும்மா அது?" என்றார் ஆட்டோக்காரர்.

"தேங்காயாக்கும். மெதுவா போங்க அண்ணா."