மூன்றரை அங்குல மீனும் மூழ்கிய ஊரும்

கவர்ச்சியான தலைப்பு ஒன்று உண்மையை எவ்வளவு எளிதாக மறைத்துவிடும் என்பதைப் பத்திரிகைத் தொழிலில் பல தசாப்தங்களைக் கழித்தவன் என்ற முறையில் நன்கறிவேன். அதற்கு நான் அடிக்கடி நினைவுகூரும் உதாரணம், அமெரிக்காவின் ரெனசி மாநிலத்து ஆறுகளில் வாழும் ‘ஸ்னெயில் டார்ட்டர்’ என்ற மீனின் கதையாகும். நத்தைகளை உண்டு வாழும் இம்மீன் ஏறத்தாழ மூன்றரை அங்குலமே வளரும்.

1973 ஆகஸ்டில் லிட்டில் ரெனசி ஆற்றில் இதனைக் கண்டுபிடித்தவர் பேராசிரியர் டேவிட் எட்னியர். அதே ஆற்றின் குறுக்கே அப்போது ரெலிக்கோ அணைக்கட்டு எழுந்துகொண்டிருந்தது. 1975இல் இம்மீன் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. 1978இல் உச்ச நீதிமன்றம், ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், அநேகமாக முடிவடைந்திருந்த அணையைத் தடுத்து நிறுத்தியது. சிறு மீனுக்காகப் பெரும் அணையை நிறுத்துவதா என்ற ஏளனம் பத்திரிகைகளில் எழுந்தது.

அந்த ஏளனத்தில் மறைந்துபோன உண்மை ஒன்றுண்டு. மீனுக்குரிய பாதுகாப்பிலிருந்து அணைக்கு விலக்களிக்கலாமா என்பதை ஆராய்ந்த உயர்மட்டக் குழு, 1979 ஜனவரியில் அதனை ஏகமனதாக மறுத்தது. மிகுதி வேலைக்கான செலவையும் மூழ்கவிருந்த நிலத்தின் பெறுமதியையும் கூட்டிப் பார்த்தால், அணையால் கிடைக்கும் நன்மை அதற்கு ஈடாகாது என்பதே குழுவின் கணக்கு. ஆயினும் காங்கிரஸ், நிதி ஒதுக்கீட்டுச் சட்டமூலம் ஒன்றில் விலக்கைச் செருகியது. ஜனாதிபதி ஜிம்மி காட்டர் ஒப்பமிட்டார். அவ்வாண்டு நவம்பரில் அணையின் கதவுகள் மூடப்பட்டன. முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் காணிகளும் செரோக்கி மக்களின் தொன்மையான ஊர்களும் பறிபோயின. அவற்றுள் ஒன்றான ரனாசியின் பெயரையே அம்மாநிலமும், ‘பேர்சினா ரனாசி’ என்ற விஞ்ஞானப் பெயரால் இம்மீனும் தாங்கி நிற்கின்றன.

மீன் பிழைத்துக்கொண்டது. ஹைவாசி ஆற்றுக்குக் கொண்டுசென்று விடப்பட்டவை பெருகின. வேறு ஆறுகளிலும் அது வாழ்வது தெரியவந்தது. அணைகளிலிருந்து வெளியேறும் நீரின் ஒட்சிசன் அளவும் ஓட்டமும் சீர்செய்யப்பட்டமை அதற்குப் பெரிதும் உதவியது. 1984இல் அதன் ஆபத்து நிலை ஒருபடி குறைக்கப்பட்டு, 2022 ஒக்டோபரில் பாதுகாப்புப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.

2025 ஜனவரியில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இது தனி இனமன்று, முன்பே அறியப்பட்ட இன்னொரு மீனினத்தின் கிழக்குக் கிளையே என்றனர். ஏளனம் செய்தவர்களுக்கு இது வெற்றியாகத் தோன்றலாம். ஆனால் மீனின் பெயர் மாறுவதால் 1979இன் கணக்கு மாறிவிடாது. மீன் மீண்டது, அந்த ஊர்கள் மீளவில்லை. முதல்நாளே எழுதியிருக்க வேண்டிய தலைப்பு அணையைப் பற்றியது. நாம் எழுதியதோ மீனைப் பற்றி.