பதினொராவது ஆள் வரிசையில

கேம் லொகின் ஆகாட்டி நாங்கள் முதலில் திட்டுறது லைனைத்தான். எங்கட வீட்டில இருந்தது ஒரே ஒரு கொம்பியூட்டர். அண்ணா டொரண்டை ஓடவிட்டிட்டுப் போயிடுவார். நான் கேமைத் திறந்தால் லொகின் பக்கமே சுத்திக்கொண்டு நிற்கும். ஒருமாதிரி உள்ளுக்குப் போயிட்டால் விளையாட்டு ஒழுங்காக ஓடும். லைன் பழுதெண்டால் பிறகும் இழுக்கவேணுமே?

காரணம் லைன் இல்லை, ஓர் எண்: 10.

டிசிபி இணைப்பு கதவைத் தட்டுறது போல. நாங்கள் தட்டி, மற்றப்பக்கம் பதில் தரும்வரை அது பாதி திறந்த இணைப்பு. 2004 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, ஒரே நேரத்தில் பத்துக் கதவுகளை மட்டுந்தான் தட்ட விட்டது. பதினொராவது வரிசையில் நிற்கவேணும். டொரண்ட் நூற்றுக்கணக்கான முகவரிகளைத் தட்டும். பலதில ஆளே இருக்காது. அந்த வரிசையின் கடைசியில் என்ர லொகின். திறந்து முடிந்த இணைப்புகள் கணக்கில் வராது. சுடுற கேம்கள் பல யூடிபியில் ஓடுறதால அதுகளுக்கு இந்த வரிசையே இல்லை. அந்த எண்ணைக் கூட்டினால் பிங் குறையும் என்று பெடியள் நம்பினது சும்மா கதை.

ஏன் பத்து? 2003இல் பிளாஸ்டர், 2004இல் சாசர் எண்ட வேர்ம்கள் கண்ட முகவரியையெல்லாம் தட்டித்தான் பரவின. அதை மெதுவாக்கத்தான் இந்தக் கட்டுப்பாடு.

செக் பொயின்ற் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது பழகின நியாயம். யாரோ ஒருத்தரைப் பிடிக்க எல்லாரும் வரிசையில் நிற்கவேணும். ஏன் நிற்கிறம் எண்டும் ஒருத்தரும் சொல்லமாட்டினம். இங்கயும் திரையில் ஓர் அறிவித்தலும் வராது. ஈவண்ட் லொக்கில் 4226 எண்ட இலக்கம் மட்டும் விழும். அதைத் திறந்து பார்க்கிறவன் ஆர்?

காரணம் தெரியாத இடத்தில குறுக்குவழி பிறக்கும். கனபேர் முகம் தெரியாத ஒருத்தர் செய்த பட்ச்சை இறக்கி, சிஸ்டத்தின் tcpip.sys கோப்பையே மாற்றினவை. வைரசைத் தடுக்க வைத்த பூட்டை உடைக்க, தெரியாத ஆளை வீட்டுக்குள்ள விட்டது போல. மியூடொரண்டின் செற்றிங்கில் பாதி திறந்த இணைப்புகளை எட்டில் வைத்திருந்தாலே மற்றதுகளுக்கு இரண்டு இடம் மிஞ்சியிருக்கும். அண்ணாவோ 'ஸ்பீட் கூடும்' எண்டு அதைக் கூட்டி வைத்திருந்தார்.

2009இல், விஸ்டா சர்வீஸ் பேக் 2உடனும் விண்டோஸ் 7உடனும், அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. ஆனால் வீட்டு ரவுட்டருக்கும் தாங்கக்கூடிய இணைப்புகளுக்கு ஓர் அளவு உண்டு. அடுத்தமுறை லொகின் சுத்தினால், லைனைத் திட்டமுதல் பின்னால எது கதவு தட்டிக்கொண்டிருக்குது எண்டு பாருங்கோ.