‘பழுதாப் போச்சு’ எண்டு சொல்ல முதல்

எங்கட வீடுகளில ஒரு கரண்ட் சாமான் வேலை செய்யாமல் விட்டால் இரண்டு வசனம்தான் வரும். ஒன்று, ‘பழுதாப் போச்சு’. மற்றது, ‘கை வையாதை, கரண்ட் அடிக்கும்’. கலைப்பீடத்தில் படிக்கிற பொம்பிளைப் பிள்ளை எண்டால் இரண்டாவது வசனம் இன்னும் கூடுதலாகக் கிடைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நாங்களே பார்க்கக்கூடியது எவ்வளவோ இருக்கு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கட வீட்டில் இருப்பது பெரியப்பா ஜெர்மனியில் இருந்து கொண்டுவந்த ஸ்டீரியோ ரிசீவர். ரேடியோவும் அம்பிளிஃபயரும் ஒரே பெட்டியில், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் பொக்ஸ். அம்மா வீட்டிலிருந்து தைக்கிறவ. தையல் மெசினும் ரேடியோவும் ஒன்றாகத்தான் தொடங்கும். போன விடுமுறைக்கு நான் வந்தபோது மெசின் சத்தம் மட்டும்தான் கேட்டது. பட்டனை அமத்தினால் லைட் பத்தும், சில செக்கனில் ‘டிக்’ எண்டு ஒரு சத்தம், அதோட நிண்டுவிடும். திருத்துகிற ஒருவர், சொன்னதைக் கேட்ட உடனேயே ‘போர்ட் போயிட்டுது, 8000 வரும்’ எண்டார். அம்மாவுக்கு அது பத்து பிளவுஸ் தைக்கிற காசு.

அந்த ‘டிக்’ சத்தத்தில்தான் விஷயம் இருக்கு. ரிசீவருக்குள் ரிலே எண்டு ஒரு சின்ன சுவிச் இருக்கும். செற்றைப் போட்டு சில செக்கன் பொறுத்து அதுதான் ஸ்பீக்கர்களை இணைக்கும். வெளியில் எங்கேயாவது ஷோர்ட் இருந்தால், அல்லது செற் அளவுக்கு மிஞ்சிச் சூடானால், அது தொடர்பை அறுத்துவிடும். சில செற்றுகள் முழுதாகவே நிண்டுவிடும். இது செற் தன்னைத்தானே காப்பாற்றுகிற வேலை. அதாவது, செற்றுக்குள் இன்னும் உயிர் இருக்கு.

லைட்டே பத்தாவிட்டால் அது வேறு கதை. சுவரில் இருந்து தொடங்குங்கோ. அதே பிளக் பொயின்ரில் மேசை லாம்பைப் போட்டுப் பாருங்கோ. பிறகு எக்ஸ்டென்ஷன். 13 அம்பியர் சதுரப்பின் பிளக் எண்டால் அதுக்குள்ளேயே ஒரு பியூஸ் இருக்கும். கனடாவில் இருந்து வந்த செற் எண்டால் பின்பக்கத்தை வாசியுங்கோ. 120 வோல்ற் எண்டு போட்டிருந்தால் எங்கட 230 வோல்ற்றில் நேரே குத்தக்கூடாது, இறக்கிக் குடுக்கிற ட்ரான்ஸ்போமர் வேணும்.

நான் செய்தது இவ்வளவுதான். பிளக்கைக் கழட்டினேன். பின்பக்கத்தில் ஸ்பீக்கர் வயர் எல்லாவற்றையும் கழட்டினேன். திரும்பப் போட்டேன். செற் நிக்கவில்லை. அப்ப பிழை பெட்டிக்குள் இல்லை, வெளியில். செற்றை நிப்பாட்டி இடது ஸ்பீக்கரைக் கொழுவினேன், பாட்டு வந்தது. வலதைக் கொழுவினேன், ‘டிக்’. அந்த வயரைப் பிடிச்சுக்கொண்டே அலுமாரிக்குப் பின்னால போனால், எலி கடிச்ச இடத்தில் இரண்டு செம்புக் கம்பியும் முட்டிக்கொண்டு கிடந்தது. அந்தத் துண்டை வெட்டி எறிஞ்சு, வயரைச் சீவி முறுக்கி இணைச்சு, டேப் சுற்றினேன். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒன்றை மாறிக் கொழுவினாலும் பாட்டு வரும், ஆனால் பேஸ் மெலிஞ்சு போகும்.

செற் நிக்காமல், சத்தம் மட்டும் வராவிட்டால் பட்டன்களைப் பாருங்கோ. பழைய செற்றுகளில் ‘டேப் மொனிற்றர்’ எண்டு ஒரு பட்டன் இருக்கும். தூசி துடைக்கேக்க அது அமந்தால், கசெட் பிளேயர் கொழுவாத செற் ஊமையாகிவிடும். ஸ்பீக்கர் ஏ, பி பட்டனும் அப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் கேட்டால், பாட்டு வருகிற இடது, வலது வயர்களை ரிசீவரின் பின்பக்கத்தில் மாத்திக் கொழுவுங்கோ. ஊமைப் பக்கமும் மாறினால் பிழை வயரில் அல்லது பிளேயரில். மாறாவிட்டால் ரிசீவரில் அல்லது ஸ்பீக்கரில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாத்துங்கோ. இரண்டை மாத்தினால் எது காரணம் எண்டு தெரியாது.

பெட்டியை மட்டும் திறக்காதையுங்கோ. பிளக்கைக் கழட்டின பிறகும் உள்ளுக்குள் கப்பாசிற்றரில் கரண்ட் தங்கி நிக்கும். ‘கை வையாதை’ எண்டு வீட்டில் சொல்லுறது அந்த இடத்தில் சரி. பியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய பியூஸ் போட்டுச் சமாளிக்கவும் கூடாது.

எரிஞ்ச மணம் வந்தால், ஸ்பீக்கர் ஒன்றும் இல்லாமலே ‘டிக்’ எண்டு நிண்டால், கடைக்குத்தான் போகவேணும். அப்ப ‘செற் வேலை செய்யுதில்லை’ எண்டு சொல்லாமல், ‘ஸ்பீக்கர் வயர் எல்லாம் கழட்டிப் பார்த்திட்டன், அப்பவும் நிக்குது’ எண்டு சொல்லுங்கோ. திறந்து பார்க்காமல் விலை சொல்லுறது அவருக்கு அவ்வளவு லேசாக இருக்காது.