சார்ஜ் தீர்ந்துவிட்டால்?

"நடுரோட்டில் நின்றுவிட்டால் என்ன செய்வது?" எலக்ட்ரிக் கார் வாங்க நினைப்பவர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். இந்த பயத்துக்கு 'ரேஞ்ச் ஆங்சைட்டி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஏதோ புது வியாதி போலத் தோன்றும். உண்மையில் இது பெட்ரோல் காரோடு கூடப்பிறந்தது!

1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் பெர்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், அவர் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பினார். தூரம் 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வழியில் ஒரு பெட்ரோல் பங்க் கூட கிடையாது, அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை. வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடைக்குப் போய், கறை எடுக்க விற்ற லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தியிருந்த ஊசியை உருவி அடைப்பை எடுத்தாராம். மேடு வந்தால் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். ரேஞ்ச் பற்றிப் புலம்ப அவருக்குத்தான் முழு உரிமை உண்டு.

அந்த மருந்துக்கடையின் இன்றைய வடிவத்தைப் பார்க்க நார்வேக்குப் போகவேண்டும். மலை, பனி, நீண்ட சாலைகள். குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகிறது, ஹீட்டரும் கரண்ட் தின்கிறது. சுமார் ஐந்தில் ஒரு பங்கு தூரம் காணாமல் போகும், கடுங்குளிரில் இன்னும் அதிகம். அப்படியும் 2024-ல் அங்கே விற்ற புதுக் கார்களில் 88.9 சதவீதம் எலக்ட்ரிக். வரிச்சலுகை பெரிய காரணம், மறுப்பதற்கில்லை. ஆனால் விலை குறைவு என்பதற்காக யாரும் பனியில் நடுவழியில் நிற்கச் சம்மதிக்க மாட்டார்களே? 2015-ல் அரசு ஒரு திட்டம் போட்டது. முக்கிய சாலைகளில் 50 கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில் இரண்டு வேக சார்ஜர்களாவது இருக்கவேண்டும். பயம் போனது அங்கேதான்.

இன்னொரு பாதி வீட்டில் போகிறது. சாதாரண பிளக்கில் 2.3 கிலோவாட் என்று வைத்தால் பத்து மணி நேரத்தில் 23 யூனிட். யூனிட்டுக்கு 5 கிலோமீட்டர் ஓடினாலும், தூங்கி எழுவதற்குள் 115 கிலோமீட்டர் சேர்ந்துவிடும். தினசரி அலைச்சலுக்கு இது போதாதா?

வேக சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் காத்திருப்பது மட்டும் வீண். காலி பஸ்ஸில் முதலில் ஏறுபவர் சட்டென்று உட்கார்ந்துவிடுவார், கடைசியில் வருபவர் சீட் தேடி அலைவார். பேட்டரியும் அப்படித்தான்.

அடுக்குமாடியில் இருப்பவருக்கு மேலே சொன்ன பிளக் கணக்கு செல்லாது. நார்வேயில் அதற்கும் சட்டம் வந்துவிட்டது: சார்ஜர் வைக்கக் கேட்டால் தகுந்த காரணம் இல்லாமல் குடியிருப்புச் சங்கம் மறுக்க முடியாது. அப்படிச் சட்டம் இல்லாத ஊரில், மூன்றாவது மாடிக்காரர் இன்னும் பெர்தா போல மருந்துக்கடை தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.