மூன்றாவது புட்டி

குடிக்காதவனைக் கூப்பிட்டு ஒயின் வாங்கி வரச் சொல்வதைவிட வேடிக்கை வேறென்ன இருக்க முடியும்? 2023-ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கையில், பிரான்ஸ் தேசத்து ரேன்ஸ் நகரத்தில், அந்த வேலை என் தலையில் விழுந்தது.

ரேன்ஸ், பாரிஸிலிருந்து விரைவு ரயிலில் முக்கால் மணிப் பிரயாணம். பழைய பிரெஞ்சு அரசர்கள் முடிசூட்டிக் கொண்ட மாதா கோவில் அங்கேதான் இருக்கிறது. ஊருக்கு அடியில், சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த சுரங்கங்களில், லட்சக்கணக்கான ஷாம்பேன் புட்டிகள் தூங்குகின்றன. என் பால்ய சிநேகிதன் அந்த ஊரில் உத்தியோகம் பார்க்கிறான். புதுவைப் பள்ளிக்கூடத்தில் நானும் அவனும் ஒரே பெஞ்சு. அவன் தகப்பனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவருடைய மனைவி அந்த வருஷம் சித்திரையில்தான் காலமாகியிருந்தார்.

"எனக்கு லீவு இல்லையடா. அப்பாவோடு கடைக்குப் போய்விட்டு வா. ஒயின் விஷயம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கண்தான் சரியாகத் தெரியவில்லை. நீ லேபிளைப் படித்துச் சொன்னால் போதும்" என்று சொல்லி, என் கையில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்தான் நண்பன். அதில் இரண்டே வரிகள்: சிப்பிக்கு ஒரு வெள்ளை ஒயின், நள்ளிரவுக்கு ஒரு ஷாம்பேன்.

நான் குடிக்காதவன் என்பதைப் பெரிய ஒழுக்கமாக எண்ணிவிட வேண்டாம். என் தகப்பனார் எங்கள் குடும்பத்துக்கும் சேர்த்துக் குடித்துவிட்டார், அவ்வளவுதான். அவர் வீடு திரும்பும் இரவுகளில், வாசற்படியில் செருப்புச் சத்தம் கேட்டதுமே அம்மா விளக்கைத் தணிப்பாள். நாங்கள் தூங்குவதுபோல் பாசாங்கு செய்வோம். கள்ளோ, சாராயமோ, சீமைச் சரக்கோ, எந்தப் புட்டியைத் திறந்தாலும் என் மூக்குக்கு அந்த வாசற்படிதான் மணக்கும்.

பெரியவருடன் கடைக்குள் நுழைந்தேன். சுவர் நெடுகப் புட்டிகள். அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, பள்ளி வாத்தியாரைப்போல் நின்றார்.

"முதலில் வெள்ளை. ஷாப்ளி என்று போட்டிருக்கிறதா பார், தம்பி."

"இருக்கிறது, மாமா."

"அதை எடு. சிப்பியைப் பச்சையாக, எலுமிச்சம்பழம் பிழிந்து தின்பார்கள். அதற்குத் தித்திப்பான ஒயின் ஆகாது. எலுமிச்சையைப் போலவே வெட்டிக்கொண்டு போகிற புளிப்பு வேண்டும். ஷாப்ளி விளைகிற மண்ணைத் தோண்டினால் குட்டிக் குட்டியாகச் சிப்பி ஓடு வரும். ஒரு காலத்தில் அது கடலுக்கு அடியில் இருந்த நிலம்."

சிப்பி விளைந்த மண்ணிலேயே கொடி வளர்ந்து, அதன் ரசம் மறுபடியும் சிப்பிக்கே துணையாக வருகிறது. கதை எழுதுகிறவனுக்கு இந்தப் பொருத்தம் பிடித்திருந்தது. அந்தப் புட்டி கூடைக்குள் போயிற்று.

அடுத்தது ஷாம்பேன். இங்கேதான் நான் அகப்பட்டுக்கொண்டேன். லேபிளில் 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்று ஒன்று, 'ப்ரூட்' என்று ஒன்று, 'தெமி-செக்' என்று ஒன்று. 'செக்' என்றால் உலர்ந்தது, அதாவது தித்திப்பு இல்லாதது என்று எனக்குத் தெரியும். ஆகவே 'தெமி-செக்' பாதித் தித்திப்பு, 'எக்ஸ்ட்ரா ட்ரை' துளியும் தித்திப்பு இல்லாதது என்று என் புலமையைக் காட்டினேன்.

பெரியவர் சிரித்தார். "எல்லாரும் விழுகிற குழி அது. ப்ரூட்டில் ஒரு லிட்டருக்குப் பன்னிரண்டு கிராம் சர்க்கரைகூட இருக்காது. எக்ஸ்ட்ரா ட்ரையில் அதைவிட அதிகம், பதினேழு வரைக்கும் போகும். தெமி-செக்கில் முப்பத்திரண்டிலிருந்து ஐம்பது. அந்தக் காலத்தில் ஜனங்கள் ஷாம்பேனைப் பாயசமாகக் குடித்தார்கள். அந்த நாளில் வைத்த பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சரி, லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது?"

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். "என்.எம்."

"வெளியிலிருந்து திராட்சை வாங்கியும் செய்கிற வியாபாரி என்று அர்த்தம். ஆர்.எம். என்று தேடு. தன் தோட்டத்துப் பழத்தில் தானே செய்கிற குடியானவன். பெரிய பெயருக்குக் காசு கொடுப்பானேன்?"

ஆர்.எம். கிடைத்தது. ஷாம்பேனில் நுரை வருகிற விதத்தையும் அங்கேயே நின்றபடி சொல்லிவிட்டார். ஒரு தடவை புளித்த ஒயினோடு கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்துப் புட்டியில் அடைத்துவிடுவார்கள். அது உள்ளேயே இரண்டாம் முறை புளிக்கும். வெளியேற வழியில்லாத வாயு ஒயினிலேயே கரைந்து கிடக்கும். குறைந்தது பதினைந்து மாதமாவது கழித்துத்தான் விற்பனைக்கு விடலாம் என்பது சட்டம். புட்டிக்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே!

பட்டியல் முடிந்துவிட்டது. நான் பணம் கொடுக்கும் இடத்தை நோக்கித் திரும்பினேன். பெரியவர் நகரவில்லை.

"மூன்றாவது ஒன்று உண்டு, தம்பி."

"காகிதத்தில் இரண்டுதானே இருக்கிறது, மாமா?"

"அவன் எழுதியிருக்க மாட்டான். அதைக் குடிக்கிறவள் போய்விட்டாள் அல்லவா?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நண்பன் மறந்துவிட்டானா, வேண்டுமென்றே விட்டானா? வேண்டுமென்றே விட்டிருந்தால், துக்கம் ஆறாத வீட்டில் நான் அதைக் கொண்டுபோய் வைப்பது நியாயமா? தயங்கினேன். பெரியவர் என் பதிலுக்குக் காத்திராமல், கைத்தடியால் தரையைத் தட்டித் தட்டி, மூலையிலிருந்த அலமாரிக்குப் போய்விட்டார்.

"கேக்கோடு ப்ரூட் ஷாம்பேன் குடித்தால் புளிக்காடியாக இருக்கும். பட்சணத்தைவிட ஒயின் தித்திப்பாக இருக்க வேண்டும், இதுதான் சூத்திரம். பணக்காரர்கள் சோத்தேர்ன் வாங்குவார்கள். ஆற்றங்கரைப் பனியில் பூஞ்சணம் பூத்துச் சுருங்கின பழத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் செய்வது. அவளுக்கு அது பிடிக்காது. அவளுக்கு மியூஸ்கா. போம் தெ வெனீஸ் என்று போட்டிருக்கும், தெற்கத்திச் சரக்கு. பாதி புளிக்கும்போதே சாராயம் ஊற்றிப் புளிப்பை நிறுத்திவிடுவான். மிச்சமுள்ள பழச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும்."

கடைக்காரரிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அவர் திறந்து வைத்திருந்த புட்டியிலிருந்து இரண்டு சொட்டுக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, என்னிடம் நீட்டினார்.

"குடிக்க வேண்டாம். மோந்து பார்" என்றார் பெரியவர்.

மோந்து பார்த்தேன். வாசற்படி மணக்கவில்லை. பன்னீர்த் திராட்சை மணத்தது.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் அதே கறுப்புத் திராட்சை. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. அதுவும் இந்த மியூஸ்கா வம்சந்தான். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். ஆனால் எனக்கு அப்போது வம்சமும் ஞாபகத்துக்கு வரவில்லை, பாதிரியாரும் வரவில்லை. என் தகப்பனார் வந்தார்.

மாதத்தில் ஏதோ ஒரு சாயங்காலம் அவர் குடிக்காமல் வீட்டுக்கு வருவார். அன்று அவர் கையில் ஒரு காகிதப் பொட்டலம் இருக்கும். அடியில் நனைந்து, சாயம் ஊறி, கிழிகிற நிலையில் இருக்கும். பன்னீர்த் திராட்சை. அம்மாவிடம் கொடுக்காமல் எங்கள் கையில் கொடுத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் கிணற்றடிக்குப் போய்விடுவார். இரவுகளையெல்லாம் ஒன்று விடாமல் ஞாபகம் வைத்திருந்த நான், இந்தச் சாயங்காலங்களை எங்கே போட்டேன்?

"என்ன தம்பி, வாங்கலாமா?" என்றார் பெரியவர்.

"வாங்கலாம், மாமா" என்றேன். அந்தப் புட்டிக்குப் பணம் நான் கொடுத்தேன்.

இருபத்துநாலாம் தேதி மூன்று புட்டிகளும் பால்கனியில் இருந்தன. டிசம்பர் மாதத்தில் அந்த ஊருக்கு ஐஸ் பெட்டி எதற்கு? நள்ளிரவில் பெரியவர் தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு, புட்டியை மட்டும் மெல்லத் திருப்பி, ஒரு பெருமூச்சுச் சத்தத்தோடு ஷாம்பேனைத் திறந்தார். வெடிக்கவிட்டால் பாதி ஒயின் தரைக்குப் போய்விடுமாம்.

கேக் வந்தது. நான் எழுந்து போய் மூன்றாவது புட்டியைக் கொண்டுவந்து வைத்தேன். நண்பன் லேபிளைப் பார்த்தான்; தகப்பனாரைப் பார்த்தான். மேஜையில் யாரும் பேசவில்லை. பிறகு எழுந்து அலமாரியைத் திறந்தான். பின்வரிசையிலிருந்து பூப்போட்ட சின்னக் கிண்ணம் ஒன்றை எடுத்துத் துடைத்து, அதில் ஊற்றி, அப்பாவின் முன்னால் வைத்தான்.

நீ குடித்தாயா என்று வாசகர்கள் கேட்கலாம். இல்லை. எனக்கு ஊற்றியதை வெகுநேரம் மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் கவனித்தாரோ என்னவோ, ஒன்றும் கேட்கவில்லை.

படுக்கப் போகும்போது நண்பன் என் தோளைத் தொட்டான். "அந்தப் பட்டியலில் நான் மூன்று எழுதித்தான் இருந்தேன். அப்புறம் ஒன்றைக் கிழித்துவிட்டேன்" என்றான்.