திரும்பி வரும் டிக்கட்டோடு ஒரு கப்பற் பிரயாணம்

வன்னியில் பிறந்த முஸ்லிம் பெண்களுக்குப் பிரயாணம் புதிதல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது, ஏறத்தாழ 75,000 பேர் சில நாட்களுக்குள் பிரயாணிகளானார்கள். மன்னார்த் தீவின் மக்கள் கைக்குழந்தைகளோடு வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். முல்லைத்தீவு மக்கள் தரை வழியே வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து புத்தளம், அனுராதபுரம் என்று சிதறினார்கள். பிறகு முகாமிலிருந்து வாடகை வீட்டுக்கு, வாடகை வீட்டிலிருந்து ஓலைக் குடிசைக்கு, 2009க்குப் பின் காடு மண்டிக் கிடந்த சொந்தக் காணிக்கு என்று எத்தனையோ பிரயாணங்கள். ஆனால் உல்லாசப் பிரயாணம் என்ற ஒன்று எங்கள் வீட்டுப் பேச்சில் இருந்ததே இல்லை.

2025ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து சில வாரங்களில் அந்தப் பேச்சு வந்தது. முல்லைத்தீவு மாவட்டத்தின் நீராவிப்பிட்டியிலிருந்து உம்மா, ராத்தா, நானா, மதினி, நான் ஆகிய ஐவர் காங்கேசன்துறைக்குச் சென்று, கப்பலேறி, நாகப்பட்டினம் போய் வந்தோம். வைத்தியத்துக்காகவோ வியாபாரத்துக்காகவோ அல்ல. ஊர் பார்க்கவும் காற்று வாங்கவும்தான்.

நானா விஷயத்தைச் சொன்னதும் எழுபத்திரண்டு வயதான உம்மா கேட்ட முதற் கேள்வி இதுதான்: "திரும்பி வாறதுக்கும் டிக்கட் எடுப்பியா மகன்?"

"போறதும் வாறதும் சேர்த்துத்தான் உம்மா. ஐஞ்சாம் நாள் வீட்டில நிப்போம்."

"அப்ப வாறன்" என்றார் உம்மா.

எந்தக் கப்பல்?

கப்பலில் இந்தியா போவது வன்னிக்கு முற்றிலும் புதிய செய்தியல்ல. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ரயிலையும் கப்பலையும் இணைத்த சேவை தொடங்கியது. எங்கள் பெரியவர்கள் வவுனியாவில் ரயிலேறி, மதவாச்சிச் சந்தியில் மாறி, தலைமன்னார் இறங்குதுறைக்குப் போவார்கள். நாகூர் போய் வந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் யுத்தத்தோடு நின்றுபோனது.

2023 ஒக்டோபர் 14ஆம் திகதி 'செரியபாணி' என்ற கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு வந்தது. மழைக்காலம் நெருங்கியதால் அந்தச் சேவை சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்ட் 16இல் 'சிவகங்கை' என்ற கப்பல் அதே வழியில் ஓடத் தொடங்கியது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் ஓய்ந்து, 2025 பெப்ரவரியில் மீண்டும் ஓடியது. சுமார் 150 பேர் அமரலாம். தூரம் ஏறத்தாழ 60 கடல் மைல். அதாவது 110 கிலோமீற்றர். நான்கு மணி நேரப் பிரயாணம்.

இதை மாளிகை போன்ற உல்லாசக் கப்பல் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அப்படியான ஒன்றும் காங்கேசன்துறைக்கு வந்ததுண்டு. 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்ற கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றி வந்தது. சுமார் 211 மீற்றர் நீளம். ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள். நீச்சல் தடாகமும் நாடக அரங்கும் உள்ளே. அந்தக் கப்பல் முதன்முதலாக உல்லாசப் பிரயாணிகளை ஏற்றத் தொடங்கியது 1990ஆம் ஆண்டில் என்று அறிந்தபோது ராத்தா கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். உலகத்தில் ஒரு பக்கம் மக்கள் உல்லாசத்துக்காகக் கடலேறிய அதே ஆண்டில்தான், மன்னார்ச் சனங்கள் உயிரையும் பிள்ளைகளையும் காக்கக் கடலேறினார்கள்.

தாள்கள் தேடிய கதை

கப்பற் பிரயாணத்தில் கடினமான பகுதி கடலல்ல, கடதாசிகள்தான். எங்கள் பகுதிப் பெண்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும்.

1990இல் பலர் வீட்டோடு சேர்த்துப் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் விவாகப் பதிவையும் காணி உறுதியையும் இழந்தார்கள். பிந்திய யுத்தத்தில் சில இடங்களில் பதிவேடுகளே அழிந்தன. உம்மாவிடம் இருந்தது அடையாள அட்டை மட்டும். பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துத் தேடியதில் பிறப்புப் பதிவு கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு விதமாகவும், மற்றதில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. எங்கள் சமூகத்தில் இது சர்வ சாதாரணம். ஒரே பெண், பிறப்புப் பதிவில் 'சித்தி'. அடையாள அட்டையில் 'ஸித்தி'. விவாகப் பதிவில் 'உம்மா' என்று ஒரு ஒட்டு. தமிழில் ஒன்றாகத் தோன்றும் பெயர் ஆங்கிலத்தில் நான்கு விதமாகிவிடுகிறது. சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று உறுதி செய்ய வேண்டியிருந்தது. பதிவே கிடைக்காதவர்கள் கிராம சேவகரையும் பிரதேச செயலகத்தையும் நாடி, உத்தேச வயதுச் சான்றிதழ் பெறும் வழியைக் கேட்டறியலாம்.

கடவுச்சீட்டுக்கு முன்பெல்லாம் கொழும்புக்கே ஓட வேண்டும். இப்போது குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு வவுனியாவிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. விரலடையாளம் வைக்கும்போது உம்மாவின் விரல்கள் இயந்திரத்தில் எளிதில் பதியவில்லை. முகாமில் கிடுகு பின்னியும் மாவிடித்தும் தேய்ந்த விரல்கள். கையைத் துடைத்துத் துடைத்துப் பலமுறை வைத்த பிறகே பதிந்தது.

அடுத்தது இந்திய விசா. கடவுச்சீட்டில் ஆறு மாதமாவது காலம் மிச்சமிருக்க வேண்டும். விசா எடுக்கும்போது, விமானத்திலல்ல, கப்பலில் நாகப்பட்டினம் வழியாக நுழையப் போகிறோம் என்பதைச் சொல்லி, அதற்கு அந்த விசா பொருந்துமா என்று கேட்டு உறுதிப்படுத்துவது அவசியம். விசா கைக்கு வந்த பின்பே டிக்கட்டை உறுதி செய்வது நல்லது.

சாமான் கட்டுதல்

உம்மா சாமான் கட்டிய விதத்தை எழுதாமலிருக்க முடியவில்லை. ஐந்து நாட் பிரயாணத்துக்கு அவர் எடுத்து வைத்தவை: எல்லாப் பத்திரங்களின் மூலப் பிரதிகள், வாப்பாவின் பழைய படம், காணி உறுதி, அரிசி மாப் பொதி, ஒரு சிறிய சட்டி.

"காணி உறுதி ஏன் உம்மா?" என்று மதினி கேட்டார்.

"எங்கட கையோட இருக்கட்டும் மகள்."

ராத்தா மெல்ல அதை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். 1990இல் எதை எடுப்பது என்று வேறு யாரோ தீர்மானித்தார்கள். இப்போது எதை விட்டுச் செல்வது என்று நாங்களே தீர்மானித்தோம். திரும்பி வருவோம் என்ற நிச்சயம் இருப்பவர்தான் பொருளை வீட்டில் வைத்துவிட்டுப் போவார்.

எங்கள் அனுபவத்தில் எடுத்துச் செல்ல வேண்டியவை சில:

கடவுச்சீட்டு, விசா, டிக்கட் ஆகியவற்றின் போட்டோப் பிரதிகள் ஒரு பையில். மூலப் பிரதிகள் வேறொரு கைப்பையில். வழக்கமாகக் குடிக்கும் மருந்துகள், மருத்துவர் எழுதிய துண்டோடு. மெல்லிய தொழுகை விரிப்பு. கடற்காற்றில் பறக்காதபடி ஊசி குத்தி அணியத்தக்க பருத்தி முந்தானை. வழுக்காத செருப்பு. காய்ந்த பலகாரம். ஒரு துவாய், சில வெற்றுப் பைகள்.

நகையைக் குறைத்துக்கொள்வது நல்லது. இரு நாட்டுச் சுங்கத்திலும் தங்கத்துக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. அதைவிட முக்கியம், எத்தனை நெருங்கியவர் கேட்டாலும் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பொதியை வாங்கக் கூடாது. 'இதை அங்கே ஒருவர் வந்து வாங்குவார்' என்ற சொல்லை நம்பித் துன்பப்பட வேண்டாம். இலவசமாகக் கொண்டு செல்லக்கூடிய சாமானின் நிறை காலத்துக்குக் காலம் மாறியிருப்பதால், டிக்கட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வன்னி வீதியில்

சுபஹுத் தொழுததும் வான் வந்தது. உம்மா வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தார். அவர் தமிழ்ப் பெண். கணவரை யுத்தத்தில் இழந்தவர். "கோழிக்கு நான் தீன் போடுறன், நீங்க யோசிக்காமப் போயிட்டு வாங்கோ அம்மா" என்றார்.

முல்லைத்தீவு நகரைத் தாண்டியதும் வட்டுவாகல் பாலம் வந்தது. நந்திக்கடல் கடலோடு சேரும் இடத்தில் உள்ள அந்த ஒடுங்கிய பாலத்தில் வான் மெதுவாக ஊர்ந்தது. 2009 மே மாதம் பல்லாயிரம் தமிழ் மக்கள், சொந்தங்களைப் பறிகொடுத்த நிலையில், கையில் கிடைத்ததோடு இந்தப் பாலத்தைக் கடந்து வந்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் அவர்களில் ஒருவர். வானில் யாரும் பேசவில்லை. உம்மா உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தார்.

முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்பு, விசுவமடு, தர்மபுரம் கடந்து பரந்தன் சந்தியில் கண்டி வீதியைப் பிடித்தோம். ஆனையிறவில் இருபுறமும் நீர்ப்பரப்பு. வெயிலில் உப்பளம் வெள்ளை வெளேரென்று மின்னியது. 2002இல் சமாதான காலத்தில் திறந்து, 2006இல் மூடுண்டு, யுத்தம் முடிந்த 2009இல் மீண்டும் திறந்த வீதி இது. வவுனியாவிலிருந்து வருபவர்களுக்கு ரயில் வசதியும் உண்டு. 1990இல் நின்ற வடபகுதி ரயில், 2013இல் கிளிநொச்சிக்கும், 2014இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் மீண்டும் வந்து சேர்ந்தது. வயதானவர்களோடு போவோருக்கு ரயிலே சுகம்.

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை ஏறத்தாழ 18 கிலோமீற்றர். தெல்லிப்பழை தாண்டிய பின் கூரையில்லாத வீடுகளும், பக்கத்திலேயே புதிதாகக் கட்டிய வீடுகளும் மாறி மாறி வந்தன. இந்தப் பகுதித் தமிழ் மக்களும் 1990இல்தான் வெளியேற நேர்ந்தது. உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த காணிகள் பல ஆண்டுகளின் பின் கொஞ்சம் கொஞ்சமாகவே விடுவிக்கப்பட்டன. "இவங்களும் எங்களைப் போலத்தான்" என்றார் உம்மா.

துறைமுகத்தில்

குறித்த நேரத்துக்கு வெகு முன்னதாகவே துறைமுகத்தில் இருக்க வேண்டும். வாசலில் கடவுச்சீட்டும் டிக்கட்டும் பார்க்கிறார்கள். சாமான் சோதனை, நிறை பார்த்தல், குடிவரவு முத்திரை என்று வரிசைகள். விமான நிலையம் போலத்தான். ஆனால் சிறியது, அவசரம் குறைவு. உம்மாவின் கடவுச்சீட்டில் முதல் முத்திரை விழுந்தபோது, அவர் அதை வாங்கி முத்திரை காயும்வரை மூடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

ளுஹரையும் அஸரையும் பிரயாணிக்குள்ள சலுகைப்படி சேர்த்துச் சுருக்கித் தொழுதால் கப்பலில் சிரமமில்லை. கப்பலில் தொழ நேர்ந்தால் ஒரு குறிப்பு: காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் ஏறத்தாழ நேர் வடக்கு. எனவே போகும்போது கிப்லா உங்கள் இடப்பக்கம், சற்று முன்னோக்கி இருக்கும். திரும்பி வரும்போது வலப்பக்கம், சற்றுப் பின்னோக்கி. ஆட்டத்தில் நிற்க முடியாவிட்டால் இருந்து தொழலாம்.

கடல் மயக்கத்துக்கு எங்களுக்கு உதவியவை: புறப்படுமுன் இலேசான உணவு, இஞ்சிப் பிளேன்டீ, கப்பலின் நடுப்பகுதியில் ஆசனம், தொலைவில் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருத்தல். புத்தகமும் கைப்பேசியும் தலைசுற்றலைக் கூட்டும். மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டு, ஏறுமுன்பே குடிக்க வேண்டும். மயக்கம் தொடங்கிய பின் அது அதிகம் பயன் தராது. இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஏப்ரலில் கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும்.

ஏணிப்பலகையில் கால் வைக்கும்போது உம்மா நானாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நூஹ் நபி (அலை) கப்பலேறியபோது ஓதியதாக ஹூத் அத்தியாயத்தில் வரும் துஆவை ஓதினார். உள்ளே போனதும் யன்னலோர ஆசனம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். கப்பல் நகர்ந்தது. வெளிச்சவீடும் பழைய சீமெந்துத் தொழிற்சாலையும் சிறிதாகிக்கொண்டே போயின. "கடல் இவ்வளவு நீலமா?" என்றார். முல்லைத்தீவுக் கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர் கேட்ட கேள்வி அது. கரையிலிருந்து பார்த்த கடலை அவருக்குத் தெரியும். கடலுக்குள்ளிருந்து அவர் பார்த்ததில்லை.

நாகையும் நாகூரும் காரைக்காலும் பார்த்து, ஐந்தாம் நாள் வீடு வந்தோம். அதன் பிறகு எங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து விசாரிக்கிறார்கள். எவ்வளவு செலவு, பயமில்லையா, சாப்பாடு எப்படி என்று கேட்கிறார்கள். உம்மா எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்: "செலவைப் பிறகு பார்க்கலாம். முதல்ல உங்கட பிறப்பத்தாட்சிப் பத்திரத்தத் தேடி எடுத்து, பேரைச் சரிபண்ணி வையுங்கோ."